சென்னைக் கடலில் ஓர் இரவு நங்கூரம்

தை மாதப் பனி இறங்கிய ஒரு காலையில், கொடைக்கானல் வீட்டின் சாப்பாட்டு மேசைமேல் சோழமண்டலக் கரையின் கடல் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொண்டே இருந்த அதன் நான்கு மூலைகளிலும் மலைப்பூண்டுக் கட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். புதுச்சேரியில் இருக்கும் என் அத்தான், தம்முடைய 30 அடிப் பாய்மரப் படகை மாசியில் விசாகப்பட்டினம் வரை கொண்டுபோக எண்ணியிருக்கிறார். "மாப்பிள்ளை, வழியில மெட்ராஸ் பக்கம் ஒரு ராத்திரி தங்கணும், எடம் பார்த்துச் சொல்லு" என்று தொலைபேசியில் கேட்டிருந்தார். 7,000 அடி உயரத்தில் இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று பின்னாலிருந்து அக்காள் சிரித்ததும் கேட்டது. ஆனால் அந்தப் படகில் நான்கு பயணங்களாவது உடன் போயிருக்கிறேன்; வரைபடம் பார்க்கும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழுகிறது.

படகை இரவில் நிறுத்துவது, நம் மலைப்பாதையில் லாரியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பதைப் போன்றதன்று. கல் கொடுத்த லாரி கொடுத்த இடத்திலேயே நிற்கும். நங்கூரமிட்ட படகோ காற்றும் நீரோட்டமும் மாறுகிற பக்கமெல்லாம் சுற்றிவரும். ஆழம் 6 மீட்டர், அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1 மீட்டர், ஓதத்தில் கடல்மட்டம் ஏறுவதற்கு இன்னொரு மீட்டர் என்று கொண்டால் மொத்தம் 8 மீட்டர். இரவு முழுவதும் நம்பிப் படுக்க வேண்டுமானால் அதைப்போல் ஏழு மடங்கு, அதாவது 56 மீட்டர் கயிறு விட வேண்டும். கயிறு நீளமாகக் கிடந்தால்தான் இழுவிசை கிடைமட்டமாக அமைந்து நங்கூரத்தின் கொழு மணலுக்குள் ஆழப் பதியும். படகின் நீளத்தையும் சேர்த்துக்கொண்டால், ஏறக்குறைய 130 மீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்று நமக்கே நமக்காக வேண்டும். பெருநகரத்தின் கரையோரத்தில் அப்படியொரு வெற்றிடம் கிடைப்பது எளிதன்று.

சென்னையில் சிக்கல் அதற்கும் முந்தியது. 1639இல் ஆங்கிலேயர் வந்து ஊன்றிய அந்தக் கரையில் காற்றை மறைக்க ஒரு குடாவும் இல்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து கரை சேர்ந்தனர். எங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகத்தைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த மதராஸ் வானாய்வகம் தொடங்கப்பட்ட நோக்கங்களுள் கடற்பயணமும் ஒன்று. அதன் பணிதான் 1899இல் இந்த மலைக்கு ஏறிவந்தது. 1875இல் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்தெறிந்தது. பிறகு துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், கிழக்கே திறந்திருந்த வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயில் வைத்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர்கள் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஆக, அந்தக் கரையில் மறைப்பு என்று சொல்லத்தக்கது மனிதன் கட்டிய சுவர் ஒன்றே. அதற்குள் நுழைய அனுமதி வேண்டும்.

வரைபடத்தில் ஆசை காட்டும் மற்ற இடங்களை விரைவாகவே கழித்துவிட்டேன். முட்டுக்காடு முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். அடையாறும் கூவமும் அப்படியே. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடற்புறத்தில் நிற்கும் எண்ணமே கூடாது. காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவை அத்தனையும் உள்ளேயே கிடப்பதால் நெருக்கடி இன்னும் கூடும். எண்ணூரையும் காட்டுப்பள்ளியையும் நோக்கிப் பெருங்கப்பல்கள் வந்துபோய்க்கொண்டிருக்கின்றன.

மீதமிருப்பது சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம். அங்கே ஓர் இரவு தங்கிப் பார்த்தவர்கள்தாம் நாங்கள். மாலையில் கடற்காற்று இதமாக இருந்தது. 6 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் நன்றாகவே பிடித்தது. கொடிமரத்தில் வெள்ளை விளக்கையும் ஏற்றினோம். (7 மீட்டருக்கு மேற்பட்ட எந்தப் படகுக்கும் அந்த விளக்கு கட்டாயம்.) பத்து மணிக்கு மேல் கரைக்காற்று எழுந்ததும் அணியம் மேற்கே திரும்பிவிட்டது. ஆனால் தென்கிழக்கிலிருந்து வரும் நீண்ட அலை காற்றின் பேச்சைக் கேட்பதில்லை. அது பின்பக்க விலாவில் மோத, படகு விடிய விடியத் தொட்டில்போல் ஆடியது. தொட்டில் என்றால் தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மணிக்கு ரோந்துப் படகு ஒன்று வந்து தாள்களைப் பார்த்துச் சென்றது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோரக் காவல் இறுகியிருப்பதால் அது எதிர்பார்த்ததே. நான்கு மணிக்கு ஃபைபர் படகில் வந்த மீனவர் ஒருவர், "அண்ணே, நம்ம வலை இந்தப் பக்கம்தான் வருது. உங்க கயித்துல மாட்டுனா ரெண்டு பேருக்கும் நஷ்டம், கொஞ்சம் வெளியில போயிருங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். அரைத் தூக்கத்தில் 50 மீட்டர் கயிற்றைக் கையால் இழுத்து ஏற்றியதில் அத்தானுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் இடம் மாறுவதன் ஆபத்தை நான் முன்பு உணர்ந்திருக்கவில்லை. பனி விலகிய இரவில் எங்கள் ஊர்க் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்று கீழே பார்த்தால், எது பெரியகுளம், எது சாலை, எது தனித்த தோட்ட வீடு என்று ஒளிப்புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது. கடலிலிருந்து பார்க்கும் சென்னையும் அதுதான். வாயிலைக் காட்டும் சிவப்பு, பச்சை விளக்குகள் கடைப் பலகைகளிலும் சாலைச் சமிக்ஞைகளிலும் கரைந்துபோகும். நமக்கும் கரைக்கும் நடுவே நிற்கும் சிறு படகின் விளக்கோ கண்ணிலேயே படாது.

ஆகவே இந்த முறை அத்தானுக்கு இடம் எதையும் குறித்துக் கொடுக்கவில்லை, நேரத்தைத்தான் குறித்துக் கொடுத்தேன். புதுச்சேரியிலிருந்து சென்னை ஏறக்குறைய 80 கடல் மைல். மணிக்கு 5 மைல் என்றால் 16 மணி நேரம். பிற்பகல் மூன்று மணிக்குப் பாய் விரித்தால், இரவு முழுவதும் கரையை விட்டு விலகி ஓடி, காலை ஏழு மணிக்குத் துறைமுகத்துக்கு வெளியே நிற்கலாம். முன்கூட்டியே எழுதி வாங்கிய அனுமதியுடன் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் அழைத்துவிட்டு, 1911 முதல் துறைமுகத்தினுள் இருந்துவரும் பாய்மரப் படகுச் சங்கத்தின் பக்கம் பகலிலேயே ஒதுங்கித் தூங்கிக்கொள்ளலாம். நீவாடு (நீரோட்டம்) உதவி, பொழுது விடியுமுன்பே வந்துவிட்டால், கப்பல்கள் காத்திருக்கும் வட்டாரத்துக்கு அப்பால் பாய்களை ஒன்றுக்கொன்று எதிராகக் கட்டி, சுக்கானை இறுக்கி, படகை மிதக்கவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கணக்கைக் கேட்டுவிட்டு அத்தான் சிறிது நேரம் பேசவில்லை. "அப்ப ராத்திரி பூரா முழிச்சிருக்கணுமா?" என்றார். மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி விழித்திருக்கலாம், நானும் வருகிறேன் என்றேன். அக்காள் எனக்கும் சேர்த்து இட்லிக்குப் பொடி தடவித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.