எந்த நேஷன்?

"நீ எந்த நேஷன்?" என்று ஒருத்தி கேட்டாள். "இந்தியா" என்றேன். மேசையைச் சுற்றி இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். ஸ்வீடனில் உள்ள உப்சாலாவுக்குப் படிக்க வந்து நான்காவது நாள் அது. கெட்ட சிரிப்பு இல்லைதான், ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிப்போனது.

இங்கே நேஷன் என்றால் நாடு அல்ல, ஊர்ச் சங்கம். பல்கலைக்கழகம் 1477இல் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டில், வீட்டை விட்டு வந்து படித்த பையன்கள் மாகாணவாரியாகக் கூடிக்கொண்டார்கள். அதுதான் நேஷன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் நம்ம பக்கத்துப் பையன் இருக்கும் அறையாகப் பார்த்துப் பெட்டியை இறக்குவோமே, அதே தேவைதான். இன்று 13 நேஷன்கள் இருக்கின்றன. 2010 வரை ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும். இப்போது கட்டாயம் இல்லை, எந்த ஊர்க்காரரும் எதிலும் சேரலாம். நான் ஸ்மோலாண்ட்ஸில் சேர்ந்தேன். தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் 1728இல் ஸ்மோலாண்ட் மாகாணத்திலிருந்து இங்கே படிக்க வந்தவர் என்பது ஒன்றே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

நேஷனின் பெரிய விருந்துக்கு காஸ்க் என்று பெயர். கோட்டு சூட்டு, நீள மேசை, யார் எங்கே உட்கார வேண்டும் என்று பெயர்ச்சீட்டு, ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம். ஒரு வாய் சாப்பிடுவதற்குள் யாரோ பாட்டு ஆரம்பிப்பார்கள், எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாடுவார்கள். முடிந்ததும் கிளாஸைத் தூக்கி, பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணைப் பார்த்து "ஸ்கோல்!" குடித்த பிறகும் ஒருமுறை கண்ணைப் பார்க்க வேண்டும். என் கிளாஸில் ஜூஸ்தான், ஆனால் கண்ணைப் பார்ப்பதில் விதிவிலக்கு கிடையாது. அந்த ஒரு நொடி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் வந்து உட்காராத மனிதர்கள் அன்றைக்கு நேருக்கு நேராகப் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு குறை மனதைவிட்டுப் போகவில்லை. தட்டு வந்தது, போனது. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று ஒருவர் கேட்கவில்லை. இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் பாயசம் ஊற்றும் பெரியப்பாவை அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சமையலறை வேலைக்குப் பெயர் கொடுத்தேன். விருந்து, பப், மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் மாணவர்களே நடத்துகிறார்கள். அங்கேதான் எனக்கு இந்த ஊர் ஒட்டியது. நூறு பேருக்கு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தால் யாரும் அந்நியர் இல்லை. ஈரமான தோல் விரலில் ஒட்டும், பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் நீரின் ஆவியில் ஜன்னல் வெளுத்துவிடும். டிசம்பரில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சரி, பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த கிழங்கைக் கையில் எடுத்தபோது அக்கா கல்யாணத்து மறுவீட்டுச் சொதிக்கு அத்தைகள் வட்டமாக உட்கார்ந்து கிழங்கு நறுக்கிய திண்ணை வந்து நின்றது. தேங்காய்ப்பால் வாசனைகூட வந்தது, சத்தியமாக.

எதிரே உரித்துக்கொண்டிருந்தவள் கிருனாக்காரி. ரயிலில் போனால் 1000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அவள் ஊரில் இந்த மாதம் சில வாரங்கள் சூரியன் எழுவதே இல்லையாம். ஆகஸ்டில் வந்தவள், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா சுடும் ரொட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கத்தியைத் துடைத்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன், எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இங்கே யாரும் இப்படிக் கேட்பதில்லை. என்ன பதில் சொல்வது என்று யோசித்து, "காலையில் சாப்பிட்டேன்" என்றாள். மணி ஏழாகியிருந்தது. வெந்த கிழங்கு நாலை எடுத்து வெண்ணெயும் உப்பும் போட்டு நீட்டினேன். வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தாள். நான் ஓரமாக இன்னொன்றும் வைத்தேன்.