சுண்டுவிரலுக்கு வேலையில்லை

சித்தப்பா மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "மெட்டு தானா வரணும்னுதானே சொல்றாங்க? அதுக்கு எதுக்குண்ணா நாலு வருஷம் டிகிரி?"

கம்போசிஷன், அதாவது இசையமைக்கக் கற்றுத்தரும் படிப்பில் சேர அவளுக்கு ஆசை. கேள்வியில் கிண்டல் இல்லை, பயம்தான் இருந்தது. அதே நாலு வருஷத்தை முடித்துவிட்டு வந்தவன் நான். ஆனாலும் சட்டென்று ஒரு பதில் வாயில் வரவில்லை. அப்புறம் பழைய ஸ்கோர்களைத் (எல்லா வாத்தியத்துக்குமான இசைக்குறிப்புகளை) துழாவியபோது ஒரு ஹார்ப் பார்ட் கையில் தட்டுப்பட்டது: விரலால் மீட்டும் அந்தப் பெரிய கம்பி வாத்தியத்துக்கான தனித் தாள்கள். பக்கம் முழுக்க வேறொருவருடைய பென்சில் எழுத்து. அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

சேரும்போது என்னிடம் கீபோர்டில் போட்டு வைத்த மெட்டுகள் இருநூறுக்கு மேல் இருந்தன. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை முதல் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மேடம் கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா இருக்கு. எட்டாவது பாருக்கு அப்புறம் எங்க போகுது?" (பார் என்றால் தாளத்தில் ஒரு சிறு கட்டம்.) திரும்ப முதலிலிருந்து வரும் என்றேன். "அப்புறம்?" திரும்பவும் வரும், கூடவே வயலின் சேரும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். இருநூறு மெட்டும் எட்டு பாரில் முட்டிக்கொண்டு நிற்பவை என்பது எனக்கு அன்று ராத்திரிதான் உறைத்தது.

முதல் வருஷத்தில் மெட்டுக்கு இடமே கிடையாது. கவுன்டர்பாயின்ட் (ஒரு வரியோடு இன்னொரு வரியைச் சேர்த்து எழுதுவது), ஹார்மனி (சுரங்களை ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கவிடுவது), காதுப் பயிற்சி, இவ்வளவுதான். காதுப் பயிற்சி என்றால் பியானோவில் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும், எழுதியிருப்பதைப் பார்த்ததும் பாட வேண்டும். என் குரலைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

கவுன்டர்பாயின்ட் பயிற்சியை வெளியிலிருந்து பார்த்தால் கணக்கு வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும். பத்துப் பன்னிரண்டு நீளமான சுரங்கள் கொண்ட ஒரு வரியைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேலேயோ கீழேயோ நாம் இன்னொரு வரி எழுத வேண்டும். முதலில் ஒரு சுரத்துக்கு ஒரு சுரம், பிறகு ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு நான்கு, நான்காவதாக ஒத்திப்போட்டு இழுப்பது, ஐந்தாவதில் எல்லாம் கலந்து. இந்த ஐந்து படிகளை ஃபுக்ஸ் என்பவர் 1725-ல் லத்தீனில் ஒரு பாடநூலாக எழுதினார். பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஹைடன் அதை வைத்துத் தானாகவே படித்தவர். குருவும் சீடனும் பேசிக்கொள்கிற உரையாடலாகத்தான் முழுப் புத்தகமும் போகிறது. குருவின் இடத்தில் ஃபுக்ஸ் உட்கார வைத்தது பழைய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவை. அந்த மனிதர் இறந்து 131 வருஷம் ஆகியிருந்தது! சீடனின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டார். பாடநூல் எழுதுகிறவர் தன்னைச் சீடனாக எழுதிக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. பயிற்சிகள் பிடித்தன என்று பொய் சொல்ல மாட்டேன்.

என் முதல் வீட்டுப்பாடத்தில் ஒன்பது சிவப்பு வட்டங்கள். அதில் ஆறு ஒரே குற்றத்துக்கு: இரண்டு வரிகளும் ச–ப இடைவெளியை விடாமல் பக்கத்தில் பக்கத்தில் நகர்கின்றன. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் கூடாது என்று சண்டைக்கே போனேன். மேடம் சட்டம் பேசவில்லை. பியானோவில் வாசித்துவிட்டு, "எத்தனை பேர் பாடறாங்க?" என்று கேட்டார். காது சொன்னதைச் சொன்னேன்: ஒருத்தர். ச–ப அதிர்வுகள் 2-க்கு 3 என்ற விகிதத்தில் இருப்பதால் அவை ஒன்றோடொன்று அவ்வளவு இணக்கமாகக் கரைந்துவிடும். இரண்டு பேர் தனித்தனியாகப் பேச வேண்டிய இடத்தில் ஒருவர் காணாமல் போய்விடுகிறார். எனக்கு இரண்டு பேரும் வேண்டாம், ஒருவர் போதும் என்றால் தாராளமாக அப்படி எழுதலாம், உலகத்தில் எத்தனையோ நல்ல இசை அப்படித்தான் இருக்கிறது. தெரிந்து எழுது என்பதுதான் வாதம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று மாதம் முறைத்துக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன். பாடத்திட்டங்கள் ஏனோ காரணத்தைக் கடைசியில்தான் சொல்கின்றன.

இரண்டாம் வருஷ ஆரம்பத்தில் ஒரு பயிற்சி: ஒரே ஒரு சுரத்தை வைத்து இரண்டு நிமிஷத்துக்குப் பியானோவுக்கு எழுதிக்கொண்டு வா. எந்த ஸ்தாயியில் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் சுரம் ஒன்றுதான். மேடம் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் லிகெட்டி என்ற இசையமைப்பாளர் 1951-லிருந்து 1953 வரை எழுதிய பியானோத் தொகுப்பைப் போட்டுக் காட்டினார். மொத்தம் பதினொன்று. முதலாவது முழுக்க 'ஏ' என்ற ஒற்றைச் சுரத்திலேயே ஓடி, கடைசியில் மட்டும் ஒரு 'டி' வருகிறது. அந்த டி வந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு சாதாரண சுரத்துக்கு அவ்வளவு பசியை எப்படி உண்டாக்கினார்? திரும்பக் கேட்டுக் கேட்டுப் பார்த்தால், மற்ற எல்லாமே மாறிக்கொண்டிருந்தது: தாளம், ஸ்தாயி, சத்தம், இடைவெளி. நான் அதுவரை அத்தனை வேலையையும் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். என்னுடைய ஒற்றைச் சுரப் பியானோ ஒரு நிமிஷம் பத்து வினாடியிலேயே செத்துப்போனது என்பது வேறு விஷயம்.

இப்போது ஹார்ப்.

மூன்றாம் வருஷம் பன்னிரண்டு வாத்தியங்களுக்கு ஏழு நிமிஷத்தில் ஒன்று எழுத வேண்டியிருந்தது. அதில் ஹார்ப் உண்டு. கம்ப்யூட்டரில் வாசிக்கவிட்டால் தேன் மாதிரி ஒழுகியது. முழு ஒத்திகைக்கு முன்னால் ஹார்ப் கலைஞரைத் தனியாகப் பார்த்து பார்ட்டைக் கொடுத்தேன். அறுபது வயது இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று புரட்டினார். நாலாம் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, எனக்குக் கால் ரெண்டுதான்."

ஹார்ப்பில் 47 கம்பிகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். ஏழு பெடல்கள், சுரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஃப்ளாட் (அரைச்சுரம் கீழே), நேச்சுரல் (இயல்பு), ஷார்ப் (அரைச்சுரம் மேலே) என்று மூன்று நிலை. அதுவும் எழுதியிருக்கிறேன். இடது காலுக்கு மூன்று பெடல், வலது காலுக்கு நாலு. இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நான், 61-வது பாரில் ஆறு பெடல் மாற்றங்களை வைத்திருந்தேன். வேகமோ நிமிஷத்துக்கு 132 தட்டு. அவர் வாசித்துக் காட்டவில்லை, காலை மட்டும் அசைத்துக் காட்டினார். தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி இருந்தது.

அதே பாரில் இன்னொரு கூத்து. இடது கையில் 'சி', வலது கையில் அதே நேரத்தில் 'சி ஷார்ப்'. ஒரு பெடலை மிதித்தால் அந்தப் பெயருள்ள கம்பிகள் எல்லா ஸ்தாயியிலும் சேர்ந்தே மாறும். கீழே சியும் மேலே சி ஷார்ப்புமாக வைத்துக்கொள்ள முடியாது. நான் அழித்துவிடுகிறேன் என்று ரப்பரை எடுத்தேன். "இருங்க, நல்லாத்தானே இருக்கு" என்று பென்சிலை எடுத்து சி ஷார்ப்பை அடித்துவிட்டு மேலே 'டி ஃப்ளாட்' என்று எழுதினார். "டி கம்பி இங்க சும்மாதானே இருக்கு? அதை இறக்கிட்டா இதே சத்தம்." பியானோவில் இரண்டுக்கும் ஒரே கட்டை என்பதால் அதுவரை எனக்கு அது வெறும் எழுத்துப்பிழைச் சமாச்சாரம். அவருக்கோ அது இன்னொரு கம்பி.

பிறகு கார்டுகளுக்கு வந்தார். எல்லாவற்றையும் கைக்கு ஐந்து சுரமாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் கையைக் கம்பியில் வைத்து, சுண்டுவிரலை மட்டும் காற்றில் நீட்டிக் காட்டினார். "ஹார்ப்ல இவனுக்கு வேலையில்லை. நாலு விரல்தான். அஞ்சுல எதை விடட்டும்?"

நீங்களே பார்த்து ஏதாவது ஒன்றை விட்டுவிடுங்கள் என்றேன்.

"எழுதினது நீங்கதானே?" கோபமெல்லாம் இல்லை. பென்சிலை என் பக்கம் நீட்டிவிட்டுக் காத்திருந்தார்.

பதினான்கு கார்டுகள். முதல் கார்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். எதையும் விட மனசில்லாமல் அல்ல. எது எதற்காக அங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நிறைவாக ஒலித்தது, அடுக்கிவிட்டேன். ஒன்றை எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன், பிறகு வேறொன்றை. மூன்றாவது கார்டில் ஒரு சுரத்தைச் செல்லோ ஏற்கெனவே வைத்திருக்கிறது என்று கண்டேன். ஏழாவதில் இரண்டைத் தூக்கினேன், கார்டு இன்னும் பிரகாசமானது. பதினோராவதற்கு வரும்போது அவர் கேட்பதற்கு முன்பே கை போனது. நாலு வருஷத்தில் நான் கம்போசிஷன் படித்தது எப்போது என்று கேட்டால் அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் சொல்வேன். அதற்கு மார்க் கிடையாது.

முழு ஒத்திகைக்குக் கிடைத்தது இருபது நிமிஷம். ஏழு நிமிஷ இசையை இரண்டு முறை வாசித்தால் பதினான்கு போய்விடும். மிச்சம் ஆறு. அதில் ஒன்றரை நிமிஷத்தை, இந்த இடம் எந்த மனநிலையில் பிறந்தது என்று விளக்கியே தொலைத்தேன். இசைக்குழு நடத்துநர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சரி, எந்த பார்? சத்தம் கூடணுமா, குறையணுமா?" என்றார்.

அன்று நடந்த மற்றவை: புல்லாங்குழலின் அடி ஸ்தாயியில் என் ஆசை மெட்டு, மேலே இரண்டு டிரம்பெட். கம்ப்யூட்டரில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. கூடத்தில் குழல்காரரின் விரல்கள் அசைந்தன, அவ்வளவுதான். குழலின் அடி ஸ்தாயி இயல்பிலேயே மெல்லியது. சாஃப்ட்வேர் அதற்குக் கருணை காட்டிவிடும். செல்லோ பார்ட்டில் இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. அவர் வாயால் புரட்டுகிற மாதிரி பாவனை செய்தார், எல்லோரும் சிரித்தார்கள். ஓபோ என்ற ஊதுகுழலுக்கு இடைவெளியே இல்லாமல் 40 பார்கள் எழுதியிருந்தேன். மூச்சு வாங்க இடம் விட மறந்துவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். "வாங்கறதுக்கு இல்லை, விடறதுக்கு" என்றார் ஓபோக்காரர். ஓபோவின் நாணல் துவாரம் அவ்வளவு குறுகல், ஊதுவதற்குக் காற்று கொஞ்சம்தான் செலவாகும். மீதிக் காற்று உள்ளேயே கெட்டுப்போய் நெஞ்சை அடைக்கும். அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் புதிதாக இழுக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு மனிதரை நாற்பது பார் மூச்சடக்க வைத்திருக்கிறேன்.

மற்ற பாடங்களை வேகமாகக் கடக்கிறேன். ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையாக அடுக்கி, அதிலிருந்தே எழுதும் முறை ஒரு செமஸ்டர். பன்னிரண்டையும் 47,90,01,600 விதமாக வரிசைப்படுத்தலாம்; நான் போட்ட ஆறும் ஒரே மாதிரிதான் ஒலித்தன. மின்னணு இசை வகுப்பு பிடித்தது, அங்கே யாருக்கும் மூச்சு முட்டாது. இசை வரலாற்றில் தூங்கினேன், இப்போது வருத்தம். கடைசித் தேர்வுக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் நீளம் என்றார், ஒருவர் சட்டென முடிந்துவிட்டது என்றார், மூன்றாமவர் ஹார்ப் பகுதி நன்றாக எழுதப்பட்டிருப்பதாகச் சொன்னார். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை.

வேலை கிடைக்குமா என்றும் தங்கை கேட்டாள். பட்டத்தைப் பார்த்து யாரும் என்னை இசையமைக்கக் கூப்பிட்டதில்லை. அடுத்தவர்களுடைய மெட்டுக்கு பார்ட் எழுதிக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள், ஒத்திகையில் சண்டை வராது என்பதால். அதில்தான் ஓடுகிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு, நீ எழுதினது ஏதாவது இருந்தால் அனுப்பு என்றேன். நேற்று வந்தது, மூன்றரை நிமிஷம். ஓபோ மெட்டு உண்மையிலேயே அழகு. எட்டு பாரில் நிற்கவில்லை, எங்கேயோ போய்த் திரும்புகிறது. ஸ்கோரைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்: ஒரு இடைவெளிகூட இல்லாமல் 52 பார்.

"அருமையா இருக்கும்மா. ஓபோக்காரர் எங்க மூச்சு விடுவார்?" என்று எழுதினேன்.

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "ஓபோக்காரரா? அது கம்ப்யூட்டர்தானேண்ணா வாசிக்குது?"