சேரும் செனனும்

எங்கள் இரசாயனவியல் சேர் காலமான செய்தி ஹற்றனிலிருந்து வட்சப்பில் வந்தது. நினைவு மலருக்கு எழுதச் சொல்லிப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டதும் எனக்கு நினைவில் எழுந்தது எதோடும் எளிதில் சேராத ஈலியம், நியோன், செனன் போன்ற விழுமிய வாயுக்களைப் பற்றிய அவருடைய பாடம்தான்.

டியூஷனுக்குப் போக வசதியில்லாத தோட்டத்துப் பிள்ளைகளுக்காக, காசு வாங்காமல் அவர் நடத்திய பின்னேர வகுப்பு அது. "வெளி ஓட்டில எட்டு இலத்திரன் இருக்கு சேர், அதனால எதோடயும் தாக்கம் புரியாது" என்று எங்களில் ஒருவன் ஒப்பித்தான். "எட்டு இருந்தா என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டு, சேர் கரும்பலகையில் அயனாக்கற் சக்திகளை, அதாவது ஓர் இலத்திரனைப் பிடுங்கத் தேவையான சக்திகளை, எழுதினார். மூலொன்றுக்குக் கிலோயூலில் ஈலியம் 2372, நியோன் 2081, ஆகன் 1520, கிரிப்தன் 1351, செனன் 1170.

ஓர் இலத்திரனைப் பிடுங்கலாம் என்றால் கரு விடாது. புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்றால் அது அடுத்த ஓட்டுக்குத்தான் போக வேண்டும். உள்ளே இருக்கும் இலத்திரன்கள் கருவை மறைத்துவிடுவதால் அங்கே அதற்குப் பிடிப்பில்லை. இவ்வளவும் சொன்னவர், தலைக்கு மேல் தொங்கிய மஞ்சள் பல்பைக் காட்டி, ஆகன் நிரப்பியிருப்பதால்தான் தங்குதன் இழை அந்தச் சூட்டிலும் தாக்குப்பிடிக்கிறது என்றார்.

அப்புறம் சோக்கட்டி 1170இல் வந்து நின்றது. ஆவர்த்தன அட்டவணையில் இந்தக் கூட்டத்தில் கீழே போகப் போக வெளி ஓடு கருவை விட்டுத் தள்ளிப் போகிறது, பிடியும் தளர்கிறது. ஒட்சிசன் மூலக்கூறுக்கும் கிட்டத்தட்ட இதே சக்திதான். பிளாற்றினம் எக்சாபுளோரைட்டு என்ற சேர்வை ஒட்சிசனிடமிருந்தே இலத்திரனைப் பறிப்பதைக் கண்ட இரசாயனவியலாளர் நீல் பார்ட்லெட், செனனிடமும் பறிக்குமே என்று 1962இல் கனடாவின் வன்கூவரில் சேர்த்துப் பார்த்தார். சிவப்பு ஆவியும் நிறமற்ற வாயுவும் கலந்த கணத்தில் மஞ்சள் திண்மம் படிந்தது. 1898இல் செனனைக் கண்டுபிடித்ததிலிருந்து 64 வருடமாக அது எதோடும் சேராது என்றே பெரும்பாலானோர் நம்பியிருந்தார்கள். "தாக்கம் புரியாதுன்னு புத்தகத்தில இருந்தா, எதோட சேர்த்தா புரியும்னு கேளுங்க" என்றார் சேர்.

இப்போது நான் இருப்பதும் வன்கூவரில்தான். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கண்டுபிடிப்பை 2006இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். சேரை ஒருநாள் அங்கே கூட்டிப்போக ஆசைப்பட்டேன், வாய்க்கவில்லை. படித்து முடித்ததும் ஊருக்கு வந்து கற்பிப்பேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அதுவும் நடக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு பின்னேர வகுப்பும் நின்றுபோனதாம்.

சேர் பெயரில் மண்டபம் கட்டலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அந்தப் பணத்தில் ஓர் இரசாயனவியல் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து, பின்னேர வகுப்பைத் திரும்ப ஆரம்பிப்போம். முதல் வருடச் செலவை நானே ஏற்கிறேன்.