முதலில் யார் வீட்டுக்கு?

புறாமலைக்குப் படகு எத்தனை மணிக்கு, நிலாவெளியில் அறை வாடகை என்ன, திமிங்கிலம் பார்க்க எந்த மாதம் நல்லது என்று திருகோணமலைக்குப் போகிறவர்கள் என்னிடம் விசாரிப்பதுண்டு. அந்த ஊரில் பிறந்தவளாயிற்றே, தெரியாமலா இருக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் பாதிகூடத் தெரியாது. ஊருக்குப் புறப்படும்போது என்னை வாட்டுவது வேறொரு கேள்வி: ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் யார் வீட்டுக்குப் போவது?

உவர்மலையில் பெரியம்மா இருக்கிறார். திருக்கடலூரில் சித்தி. பாலையூற்றில் மாமா. மூவரும் அம்மாவின் உடன்பிறப்புகள். ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை மற்றவர் காதுபட நான் புகழ்ந்துவிட்டால் போதும், அன்றைய நாள் முடிந்தது. அம்மா இப்போது என்னோடு லண்டனில் இருக்கிறார். அப்பா கட்டிய வீட்டில் ஓர் ஆசிரியர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஆகவே நேரே எங்கள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. யார் வீட்டு அடுப்பில் முதல் புட்டு அவிகிறதோ அந்த வீட்டுக்கு வெற்றி. மற்ற இரண்டு வீடுகளிலும் “பரவாயில்லை பிள்ளை, உனக்கு எங்கே நேரம்” என்ற பல்லவி, நான் விமானம் ஏறும்வரை ஓயாது.

இம்முறை அந்தச் சிக்கலை ஆடி அமாவாசை தீர்த்துவைத்தது. அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்ய அண்ணா கனடாவிலிருந்து வந்திருந்தார். விரதச் சமையல் மூத்தவர் வீட்டில்தான் என்பதில் சித்திக்குக்கூட மறுப்பில்லை.

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறினோம். கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை ஒரு பக்கமாகவும் எங்கள் பாதை ஒரு பக்கமாகவும் பிரியும். அதற்குப் பிறகு நான் தூங்குவதில்லை. கந்தளாய் தாண்டி, தம்பலகாமத்தில் அறுவடைக்கு நின்ற வயல்கள் தெரிந்தபோது என் மகள் இன்னும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிப் பார்த்தேன். “வயல்தானே அம்மா” என்றுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். சீனன்குடாவில் மாவாலை தெரிந்ததும் நானே எழுந்து பையை இறக்கத் தொடங்கிவிட்டேன். இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்தும்தான்.

அமாவாசையன்று விடியற்காலையிலேயே கடற்கரையில் கூட்டம். ஐயருக்கு முன்னால் ஆண்கள் வரிசையாக இருந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். அண்ணாவுக்கு மந்திரம் பாதி வாயில் நுழையவில்லை. ஐயரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற எங்களுக்குக் கச்சான் காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. அந்தக் காற்றை மறந்தே போயிருந்தேன். ஆடி மாதம் முழுக்க உடம்பின் ஈரத்தையும் மனிதரின் பொறுமையையும் உறிஞ்சி எடுத்துவிடும்.

விரதச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் அது அமாவாசையே இல்லை. முள்ளுக்கொடியில் காய்க்கும் காய். மற்ற நாளில் சீந்த ஆள் இராது, அன்றைக்கு மட்டும் சந்தையில் விலை சொல்லி மாளாது. பெரியம்மா குசினித் தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காயாகப் பிளந்தார். உள்ளே இருந்த விதைகளைப் பெருவிரல் நகத்தால் வழித்துத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். பிறகு உப்புப் போட்டுப் பிசறி வைத்தார். எழுபது கடந்த கை. கத்தி பிடிக்கும்போது மட்டும் நடுக்கம் நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு இந்தக் கசப்பு பிடிக்காது என்பதும், வருடாவருடம் தன் தகப்பனுக்காக ஒரே ஒரு துண்டை மருந்துபோல விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பார் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவருடைய படத்துக்கு முன்னால் படைத்த இலையில் பெரியம்மா அந்தக் கறியைத்தான் இரண்டு கரண்டி அதிகமாக வைத்தார். “இப்போது எழுந்து ஓட முடியாதே” என்றார். அழுதுகொண்டிருந்த அண்ணா சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் அப்பா கட்டிய வீட்டுக்குப் போனேன். குடியிருக்கும் ஆசிரியை என்னை வரவேற்று, எங்கள் கூடத்தில், எங்கள் யன்னல் ஓரத்தில் உட்காரவைத்துத் தேநீர் தந்தார். நல்ல மனுஷி. வீட்டை நாங்கள் வைத்திருந்ததைவிடத் துப்புரவாக வைத்திருக்கிறார், அதில் எனக்கு லேசான எரிச்சல். மாமரம் நிற்கிறது. கிணற்றுக்கட்டில் அப்பா சீமெந்து காய்வதற்குள் குச்சியால் கீறிய எங்கள் பெயர்களும் இருக்கின்றன. அதற்கு மேலே அந்த வீட்டுப் பிள்ளைகள் சோக்கட்டியால் தங்கள் பெயர்களை எழுதியிருந்தார்கள்.

“கோணேசரைக் கும்பிட்டாயா?” என்பது இந்த ஊரில் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் வரும் கேள்வி. மாலையில் போனோம். கோயிலுக்குப் போக வேண்டுமானால் பிரெட்றிக் கோட்டைக்குள்ளால்தான் போக வேண்டும். 1622இல் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லை வைத்தே கோட்டையைக் கட்டினார்கள். வாசலில் பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல்லை இன்றும் காணலாம். அந்தக் கல்லை மகளுக்குக் காட்டினேன். அவள் பார்த்ததெல்லாம் புள்ளிமானை. கோட்டைக்குள் மான்கள் ஆட்டுக்குட்டிகள்போல அலைகின்றன, கடைவாசலில் நின்று யாசிக்கின்றன, வாழைப்பழத் தோலோடு பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்குகின்றன. அவை பழகிவிட்டன என்று எல்லோரும் பெருமைப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை.

சம்பந்தர் பதிகம் பாடிய தலம் என்பதை ஊரில் சின்னப்பிள்ளையும் சொல்லும். ஆனால் இப்போது நாம் கும்பிடும் கோயில் எங்கள் பெற்றோர் காலத்தது. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கி, சரிந்து கிடந்த தூண்களையும் கற்களையும் கண்டார்கள். 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. அப்போது ஐந்து வயதாக இருந்த அம்மா தாத்தாவின் தோளில் இருந்து அதைப் பார்த்தாராம். ‘கூட்டத்தில் என் ஒற்றைக் கொலுசு தொலைந்துபோயிற்று’ என்பதுதான் அவர் நினைவில் நிற்கும் கும்பாபிஷேகம்.

மாமா வீட்டுச் சாப்பாடு நன்றாக இருந்தது. பேச்சு வழக்கம்போல எண்ணெய்த் தாங்கிகள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவருக்கு வேறு எதைப் பற்றிப் பேச வரும்? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதில் தொடங்குவார். பிரித்தானியர் விட்டுப்போன தாங்கிகளில் 99 மிச்சமிருப்பதை எண்ணிக்காட்டுவார். 2022 ஜனவரியில் போட்ட ஒப்பந்தத்தில் இந்திய நிறுவனத்துக்கு 14, நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61 என்று பிரித்ததைச் சாப்பாட்டு மேசையில் மிளகாய்ப் பொரியலை அடுக்கி விளக்கினார். 61 மிளகாய் இல்லாததால் கூட்டு நிறுவனத்துக்கு அப்பளத்தைக் கொடுத்தார். மாமி வந்து அதை எடுத்து என் இலையில் வைத்துவிட்டுப் போனார்.

பள்ளித் தோழிகள் உப்புவெளிக் கடற்கரையில் கூடினோம். முன்பெல்லாம் பொழுதுபட்ட பிறகு பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை. சோதனைச் சாவடி, ஊரடங்கு, வீட்டார் பயம் என்று காரணம் பல. இப்போது மணலில் மேசை போட்டு வெள்ளைக்காரர்களுக்கு மீன் சுட்டுக் கொடுக்கிறார்கள். விலைப்பட்டியலைப் பார்த்து நாங்கள் ஆளுக்கொரு தேசிக்காய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டோம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நாங்கள் இரண்டு மூன்று பேர், அந்த மூலைக்கடை இருக்கிறதா, அந்த டியூஷன் கொட்டில் இருக்கிறதா, அந்த ஐஸ்பழக்காரர் இருக்கிறாரா என்று அடுக்கிக்கொண்டே போனோம். ஊரிலேயே இருந்துவிட்டவள், வங்கியில் வேலை பார்ப்பவள், பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நீங்கள் கேட்கிற எல்லாம் இருந்தால் நாங்கள் எங்கே இருப்பது?”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சரியாகச் சொன்னாள். விட்டுப் போனவர்கள் ஊரை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறோம். அடைமழையில் கூரை மாற்றுவதும், பிள்ளைக்குப் பள்ளி அனுமதிக்கு அலைவதும், 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றதும் அவர்கள் பாடு. அதற்கு மேல், நாங்கள் வந்திறங்கும்போது நண்டுக்கறியும் வைக்க வேண்டும்.

கடைசியாகக் கிண்ணியா. இந்தக் கடன்தான் எல்லாவற்றிலும் பழையது. உயர்தரம் படிக்கும்போது என்னோடு டியூஷனுக்கு வந்த தோழியின் ஊர் அது. அப்போது பாலம் இல்லை. கடலைக் கடக்க, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற வேண்டும். வாகனமும் சனமும் ஆடும் ஒரே தட்டில் நிற்கும். பொழுது பட்டால் பாதை ஓடாது. வகுப்பு நீண்டு அவள் கடைசிப் பாதையைத் தவறவிட்ட நாட்களில் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். அப்பா விடியக்காலையில் சைக்கிளில் அவளைத் துறைவரை கொண்டுபோய், பாதை அக்கரை சேரும்வரை நின்று பார்த்துவிட்டு வருவார். அவளுடைய வாப்பாவுக்கு அப்பா எழுதிக் கொடுத்தனுப்பும் சீட்டு எப்போதும் ஒரே வரிதான்: பிள்ளை சாப்பிட்டுவிட்டு வருகிறாள்.

2009இல் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். ஓட்டோவில் ஏறினால் பேச்சைத் தொடங்குவதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. அவள் வாசலில் நின்றாள். இப்போது ஆசிரியை, மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் அதட்டல் குரல். பேச்சு எங்கெங்கோ போய்ப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்கு வந்தது. 2021 நவம்பரில் அங்கே புதுப் பாலம் கட்டும் இடத்தில் ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். “நீயும் நானும் எத்தனை தரம் அப்படி ஏறியிருப்போம்” என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து போய் வட்டிலப்பம் கொண்டுவந்தாள்.

அவளுடைய உம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. என் முகத்தைக் கையால் தடவி, மெலிந்துவிட்டாய் என்றார். (இல்லை.) எங்கள் வீட்டாருக்கென்று அந்தக் குசினியில் ஒரு சட்டி இருக்கிறது. மாட்டிறைச்சி ஒருநாளும் ஏறாத சட்டி. முதன்முறை நான் அங்கே சாப்பிடப் போனபோது வாங்கியது. அது உடைந்து, அதற்குப் பதிலாக வாங்கியதும் உடைந்து, இப்போதிருப்பது வேறு சட்டி. உம்மா அதைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே விரலால் தட்டிக் காட்டினார். அதில்தான் அன்றைக்கு விளைமீன் குழம்பு. பக்கத்தில் எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டி. அப்பாவுக்கு ஆடி அமாவாசை செய்ததைச் சொன்னேன். உம்மா சற்று நேரம் வாய்க்குள் ஓதினார். பிறகு, “உங்கள் அப்பா இந்த வீட்டில் ஒரு நாளும் வயிறாரச் சாப்பிடவில்லை, எப்போது பார்த்தாலும் அவசரம்” என்று குறைப்பட்டார்.

லண்டனுக்கு வந்து பெட்டியைத் திறப்பதற்குள் அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீடு வீடாகக் கணக்குக் கேட்டார். சித்தி முட்டிவலிக்கு எண்ணெய் பூசுகிறாளா, மாமா இன்னும் தாங்கிக் கதையா, மாமரம் இந்த வருடம் காய்த்ததா, உம்மாவின் கண்ணுக்குக் கொழும்பில் காட்டினார்களா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மிளகாய்த்தூள் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தபடி கடைசியாகக் கேட்டார்:

“அக்கா காத்தோட்டிக்காய்க்குப் பால் விட்டாரா?”

விட்டார் என்றேன்.

“முதல் பாலா, இரண்டாம் பாலா?”

எனக்கு நினைவில்லை.

“முதல் பாலை முன்னமே விட்டிருப்பார். அவருக்கு அது ஒருநாளும் சரிவராது” என்று சொல்லிக்கொண்டே, உவர்மலையில் அப்போது நடுச்சாமம் என்பதையும் பாராமல், தொலைபேசியை எடுத்தார்.