பெறுபேறு பெற்றோருக்கு இல்லை

மகளுக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் வீடே புறப்பட்டு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தைப் பார்க்கப் போனோம். மகள், நான், மனைவி, மாமி. போதாததற்கு ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ். வாசலிலேயே மகளை ஒரு பக்கமும் எங்களை மறுபக்கமும் பிரித்துவிட்டார்கள்.

பெற்றோருக்கான கூட்டத்தில் ஒரு பெண்மணி சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறுகள் பெற்றோருக்கு அனுப்பப்படமாட்டா, தொலைபேசியில் கேட்டாலும் சொல்ல முடியாது, பிள்ளை சம்மதம் தந்தால் மட்டுமே பேசலாம். ஒன்ராறியோவில் தகவல் சுதந்திரம், தனியுரிமை பற்றிய சட்டம் 2006 முதல் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறதாம். பக்கத்தில் இருந்த சீனத் தகப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவருக்கும் ஒரே வயிற்றெரிச்சல்.

எனக்கு ஆறவேயில்லை. ஓசாப் என்ற ஒன்ராறியோ அரசின் மாணவர் உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தபோது என் வருமானம் எவ்வளவு, மனைவியின் வருமானம் எவ்வளவு என்று சதம் பிசகாமல் கேட்டார்கள். கொடுத்தோம். அப்போது நாங்கள் பெற்றோர். மார்க்ஸ் வரும்போது மட்டும் யாரோ மூன்றாம் ஆட்களா?

இந்தக் கனடாவில் எனக்கு இனிப் புதிதாக ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பனி வழிக்கிறேன், வரிப் படிவம் நிரப்புகிறேன், வரிசையில் நின்று பொறுமையாகக் கோப்பி வாங்குகிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் இருந்தது ஸ்காபரோவில் இல்லை.

எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைப் பாடசாலை அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள். சுட்டெண், பெயர், புள்ளி, எல்லாம் ஊருக்கே பொது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான யுத்த காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் பௌதிகவியல் படித்தவன் நான். விடியும்போது மூக்குக்குள் கரி இருக்கும். சில புள்ளிகளால் பல்கலைக்கழக அனுமதி தவறிவிட்டது. நான் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேருவதற்குள் சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) மனேஜருக்குத் தெரிந்துவிட்டது. "மூன்று தரம் எடுக்கலாம்தானே தம்பி" என்று கடை வாசலில் நின்று சத்தமாக ஆறுதல் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு பல வாரங்கள் அந்தக் கடைக்குத் தம்பிதான் போனான். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகக் கம்பஸ் மதிலைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளை வேகமாக மிதிப்பேன்.

கூட்டம் முடிந்ததும் சுற்றிக் காட்டினார்கள். 1960களில் ஜோன் அண்ட்ரூஸ் வடிவமைத்த நீண்ட கொங்கிறீற்றுக் கட்டடம், ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கின் விளிம்போடு வளைந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் வெளியே காலே வைக்காமல் வகுப்புக்கு வகுப்பு போகலாம். பின்னாளில் சீஎன் கோபுர வடிவமைப்பிலும் பங்கெடுத்தவர் அவர் என்று எங்கோ வாசித்ததை மாமிக்குச் சொன்னேன். மாமி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பூசாமல் விட்டிருக்கிறார்கள். காசு முடிந்துவிட்டதாக்கும்" என்றார். அடுத்த கேள்வி, கோயில் எங்கே என்பது. யாழ்ப்பாணத்தில் வளாகத்துக்குள்ளேயே பரமேஸ்வரன் கோயில் இருக்கிறதே!

கோயில் இல்லை, ஆனால் தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்கென்றே ஒரு பேராசிரியர் பதவி, இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன். 30 லட்சம் டாலர் திரட்டி 2021இல் இலக்கை எட்டினார்கள். எங்கள் சனம் கோயிலுக்குக் கொடுப்பது போல இதற்கும் கொடுத்தது. மாமிக்கு அது பிடித்துவிட்டது. "அப்படியென்றால் இதுவும் எங்களுடையதுதான்" என்று அங்கேயே ஒரு வாங்கில் உட்கார்ந்து ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டார்.

சுற்றி முடித்து வந்த மகளிடம் மெதுவாகக் கேட்டேன்: "அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவாய்தானே?"

"யோசித்துச் சொல்கிறேன் அப்பா." அவளும் சிரித்த முகம் மாறாமல்தான் சொன்னாள். அதற்குள் அந்தப் பெண்மணியிடம் பாடம் படித்துவிட்டாள் போலும்.

கார்த் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது மாமி வைபரில் சுன்னாகத்துத் தங்கையோடு பேசிக்கொண்டே வந்தார். "ஓம், பேத்தி டொக்டருக்கு எடுபட்டுவிட்டாள்."

"அம்மம்மா, அது நரம்பியல் அறிவியல். டொக்டர் இல்லை" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூளையைப் பற்றித்தானே படிக்கப்போகிறாய்? பிறகென்ன?"

காரைத் திறப்பதற்குள் லண்டனில் இருக்கும் மச்சானிடமிருந்து எனக்கு வாழ்த்து வந்துவிட்டது. மகள் முறைத்தது என்னைத்தான்.