முதுகு, முழங்கால், புதுச்சேரி

கடலூரில் இருக்கும் என் நண்பன் சில வருடங்களாக விபாசனா என்னும் பௌத்தத் தியானம் பழகுகிறான். பத்து நாள் முகாமுக்குப் போய்விட்டு வந்தவன், அந்தப் பெருமையும் உண்டு. எனக்கோ முழங்கால் தகராறு. சம்மணம் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே கால் மரத்து, முகம் கோணி, எழுந்துவிடுவேன். "நாற்காலியில உட்கார்ந்து தியானம் பண்றது, குளிக்காம கோயிலுக்குப் போற மாதிரிடா" என்பான் அவன். இரண்டு பேரும் புதுச்சேரி சுற்றக் கிளம்பியபோது இந்த வழக்கும் கூடவே வந்தது.

அரிக்கமேட்டுக்குக் கடலூர் சாலையில் அரியாங்குப்பம் போய், வீராம்பட்டினம் பக்கமாகத் திரும்ப வேண்டும். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மதுச்சாடி ஓடுகளையும் இத்தாலியச் சிவப்புப் பாண்டங்களையும் எடுத்த இடம். இப்போது மாமரங்கள், தென்னைகள், ஆறு, இடிந்த செங்கல் சுவர்கள், அவ்வளவுதான். இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க ஒன்றுமில்லையே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. காட்டுக்கோ, மரத்தடிக்கோ, ஆளில்லாத இடத்துக்கோ போய் உட்காரச் சொல்கின்றன புத்தரின் பேச்சுகளான பாலி சூத்திரங்கள். மூன்றும் இங்கே ஒரே இடத்தில் கிடைத்தன. நண்பன் மாமரத்தடியில் துண்டை விரித்துச் சம்மணமிட்டான். நான் ஒரு வேரின் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

மூச்சுத் தியானத்துக்கு அடிப்படையான ஆனாபானசதி சூத்திரத்தில் உட்காரும் விதம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. காலை மடக்கி, உடலை நிமிர்த்தி, கவனத்தை முன்னே நிறுத்தி உட்கார வேண்டும். அதற்கப்புறம் வரும் 16 படிகளில் காலைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாம் மூச்சும் உடலும் மனமும்தான். சதிபட்டான சூத்திரமோ நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது என்று நான்கு நிலைகளையும் சேர்த்துக்கொள்கிறது. எந்த நிலையில் இருந்தாலும் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதே பேச்சு. காலை மடக்குவது அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்த விதம் என்று எனக்குப் படுகிறது. முதுகை நிமிர்த்தச் சொன்னதற்குத்தான் காரணம் இருக்கிறது. கூன் போட்டால் வயிறு அழுந்தி மூச்சு குறுகும், குறுகிய மூச்சோடு தூக்கம் வரும். முழங்காலை எப்படி வைத்தாலும் தூக்கத்துக்குக் கவலை இல்லை.

இதைச் சொன்னதும் நண்பன் ஜென் பௌத்தத்தின் பக்கம் தாவினான். 13ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் ஜென் குரு டோகென் எழுதிய தியானக் குறிப்பில் காது தோளுக்கு நேராக, மூக்கு தொப்புளுக்கு நேராக, நாக்கு மேலண்ணத்தில், கண் திறந்தபடி என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. சரிதான். ஆனால் அதே டோகென் முழுப் பத்மாசனமோ பாதிப் பத்மாசனமோ போதும் என்கிறார். தடித்த பாய் விரித்து அதன் மேல் திண்டு வைக்கவும் சொல்கிறார். நம் ஊர்ச் சிலைகளையும் பார்க்கலாம். சேலம் மாவட்டம் தியாகனூரில் தியானத்தில் இருக்கும் கல் புத்தர் ஒரு காலின் மேல் இன்னொரு காலைச் சும்மா வைத்தபடிதான் இருக்கிறார். இரண்டு உள்ளங்காலும் மேலே தெரியும் முழுப் பத்மாசனத்தை வடநாட்டுச் சிலைகளில் அதிகம் பார்க்கலாம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பெரும்பாலும் இந்த எளிய இருக்கைதான்.

திண்டு சமாசாரம் சின்னதாகத் தெரியும், ஆனால் பாதி விஷயம் அதில் இருக்கிறது. பிட்டம் உயர்ந்து முழங்கால் தாழ்ந்தால் இடுப்பு முன்பக்கம் சாயும், முதுகு தானாக நிமிரும். தட்டையான தரையில் இடுப்பு பின்னால் சரிவதால் முதுகை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பத்மாசனத்துக்கு வேண்டிய திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அது வராதபோது வலுக்கட்டாயமாகப் பாதத்தை இழுத்தால் முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு மாட்டிக்கொள்ளும். சாப்பாட்டு மேசைக்கும் மேல்நாட்டுக் கழிப்பறைக்கும் பழகிவிட்ட நம் இடுப்புக்கு இந்தத் திருப்பம் மறந்தே போய்விட்டது. நண்பனின் துண்டை நாலாக மடித்து அவன் அடியில் வைத்தேன். முழங்கால் இரண்டும் தரையைத் தொட்டன. ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் விடியலில் கடற்கரைச் சாலை. வண்டி வராத நேரம். காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவில் ஊரே வேக நடை போடும்போது, நாங்கள் பாதத்தைத் தூக்குவதையும் நகர்த்துவதையும் வைப்பதையும் தனித்தனியாகக் கவனித்து நடந்தோம். எதிரே வந்த ஒருவர் "என்ன சார், கால்ல அடியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பர்மாவின் தியான ஆசான் மகாசி சயாதோ வழியில் உட்காருவதற்குச் சமமாக நடைக்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். அங்குத்தர நிகாயம் என்னும் பாலித் தொகுப்பில் புத்தர் நடையின் ஐந்து பலன்களைச் சொல்கிறார். வழிநடைக்குத் தெம்பு வரும், முயற்சிக்குத் தெம்பு வரும், நோய் குறையும், சாப்பிட்டது செரிக்கும், நடந்து பெற்ற ஒருமை நெடுநேரம் நிற்கும். செரிமானத்தையும் பட்டியலில் சேர்த்த அந்தக் கரிசனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

முறையைப் பற்றிய சண்டை இதைவிடப் பெரியது. நண்பன் போன மாதிரியான பத்து நாள் முகாம்களின் ஆசான் கோயங்கா வழியில் முதலில் மூக்கு நுனி, மேலுதட்டுப் பக்கம் மூச்சைக் கவனிப்பார்கள். மகாசி வழியில் வயிறு ஏறி இறங்குவதை. இரண்டுமே பர்மாவிலிருந்து வந்தவை, இரு பக்கத்தாரும் அந்தச் சதிபட்டான சூத்திரத்தைத்தான் காட்டுகிறார்கள். 'முன்னே' என்பதற்கு மேல் சூத்திரம் இடம் குறிக்கவில்லை. மூக்கா வயிறா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் ஏதோ ஒன்று வேண்டும், அதிலேயே கொஞ்ச காலம் இருக்கவும் வேண்டும். ஆரோவில்லில் மாத்ரிமந்திரின் உள்ளறையில் உட்கார்ந்தபோது அது நன்றாகவே தெரிந்தது. பௌத்த இடமில்லை அது, அங்கே எந்த முறையும் சொல்லித் தருவதில்லை. வெள்ளைச் சலவைக்கல், நடுவில் படிகக் கோளம், அப்படி ஓர் அமைதி. என் மனம் நேராக மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. நண்பன் மூச்சோடு இருந்தான். இந்தச் சுற்று அவனுக்கு.

மத்தியானம் அவனுக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போனோம். தாத்தா சொல்தா, அதாவது சிப்பாய், பிரெஞ்சு ராணுவத்தில் வியட்நாமின் சைகோன் வரை போனவர். இப்போது இல்லை. அங்கிருந்து வந்த பாட்டி இருக்கிறார். கூடத்தில் வெள்ளைப் பீங்கானில் குவான் அம், கருணைக்கான போதிசத்துவரான நம் அவலோகிதர் பெண்ணுருவில். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் பாட்டி மணிமாலை உருட்டிக்கொண்டிருந்தார். வியட்நாம் வழக்கப்படி அமிதாப புத்தரின் பெயர்.

"பாட்டி, தரையில உட்கார மாட்டீங்களா?" என்றான் நண்பன்.

"காலுக்கு வயசாயிடுச்சு தம்பி. வாய்க்கு ஆகல."

நான் அவனைப் பார்த்தேன். ஆனால் பாட்டியின் முதுகு நாற்காலியில் சாயவே இல்லை என்பதையும் பார்த்தேன். பேரன் கட்டிலில் படுத்துக்கொண்டே மாலையை உருட்டினால் பிடுங்கி வைத்துவிடுவாராம். "படுத்துக்கிட்டு சொன்னா பேரு தூங்கிடும்" என்றார். நாற்காலிக்கு அனுமதி உண்டு, சாய்மானத்துக்குக் கிடையாது. நாங்கள் ஊர் முழுக்கச் சண்டை போட்டதை அவர் இப்படி ஒரு வீட்டுச் சட்டமாக வைத்திருந்தார்.

படுத்தால் ஆகவே ஆகாதா என்று நண்பன் விடாமல் கேட்டதால் புத்தரின் சீடர் ஆனந்தர் கதையைச் சொன்னேன். புத்தர் மறைந்தபின் பிக்குகளின் முதல் சங்கம் கூடுவதற்கு முந்தைய இரவு முழுக்க நடந்து பயின்றும் விடுதலை கிடைக்காமல், விடியலில் படுக்கச் சாய்ந்தார். கால் தரையை விட்டெழுந்து, தலை தலையணையைத் தொடும் முன்பே அது நிகழ்ந்தது என்கிறது பிக்குகளின் ஒழுங்கு நூலான வினயம். நான்கு நிலைகளில் எதிலும் சேராத நேரம். பாட்டி தலையாட்டிவிட்டு, "ராத்திரி பூரா நடந்தாரில்ல" என்றார்.

தியானத்தில் வரும் தூக்கத்துக்குப் புத்தரே தம் சீடர் மொக்கல்லானருக்கு மருந்து சொல்லியிருக்கிறார். பிடித்திருக்கும் எண்ணத்தை மாற்று, கேட்ட தர்மத்தை நினை, அதை வாய்விட்டு ஓது, காதை இழுத்து உடம்பைத் தேய், எழுந்து கண்ணில் தண்ணீர் அடித்து நட்சத்திரங்களைப் பார், வெளிச்சத்தை நினை, நட. ஒன்றும் பலிக்கவில்லையென்றால், எழும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் ஒருக்களித்துப் படு. பாட்டி வீட்டில் சாப்பிட்டது கனமாக இறங்கியிருந்தது. இந்தக் கடைசி மருந்தை மட்டும் நண்பன் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டான், மாடியில் பாய் எங்கே என்று கேட்டான்.