வெள்ளியங்கிரி: நாலு மலை வரை

மார்ச் 4, செவ்வாய்

சனிக்கிழமை ராத்திரி கோவைக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஏறி, ஏழாவதில் இருக்கும் சிவனைப் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. நான், மாமா, ஆபீஸ் நண்பர்கள் இருவர். மாமாவுக்கு வயது 58, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இதயக் கோளாறு, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று சீசன்தோறும் அறிவிக்கிறார்கள். இருந்தும் மலையிலேயே மாரடைப்பு வந்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி சமீப வருடங்களில் அடிக்கடி வருகிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றேன். "என்னைக் கெழவன்னே முடிவு பண்ணிட்டியா மாப்ளே" என்று கோபம். ஆனாலும் போய் ஈசிஜி எடுத்துவிட்டார். பரவாயில்லையாம், மெதுவாக ஏறச் சொன்னாராம்.

மார்ச் 8, சனி, இரவு

பூண்டி கோயில் அடிவாரம். பையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பையனின் பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கிழித்து, காகிதத்தில் கொட்டி மடித்துக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையை மட்டும் எடுத்துக்கொண்டார் ஒரு பெண் ஊழியர். மிக்சருக்கும் அதே கதிதான். தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். காலி பாட்டிலோடு திரும்பி வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். எங்களுடையது வாழையிலையில் கட்டிய புளிசாதம், சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கினோம். "ஏறும்போது வேண்டாம்னு தோணுமுங்க, எறங்கும்போதுதான் அருமை தெரியும்" என்றார் விற்ற அம்மா.

மார்ச் 9, ஞாயிறு

முதல் மலை முழுக்கப் படிக்கட்டு. வெள்ளை விநாயகர் கோயில் வந்தபோதே சட்டை நனைந்துவிட்டது. வெயிலுக்குப் பயந்து எல்லோரும் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். யானை நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். அதனால் ஒன்றுக்குப் போவதற்குக்கூடப் பாதையை விட்டுத் தனியாக உள்ளே போகக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். குறுக்கு வழி பேச்சே இல்லை.

நாலாவது மலையில் மாமா உட்கார்ந்துவிட்டார். வலி ஒன்றும் இல்லை என்றார். ஆனால் குளிர் காற்றிலும் வியர்வை நிற்கவில்லை, பேச்சு துண்டு துண்டாக வந்தது. வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. "போதும் மாப்ளே, எறங்கலாம்" என்று அவரே சொன்னார். நண்பர்களை மேலே அனுப்பிவிட்டு, வியர்வை அடங்கும்வரை இருந்து, அவரோடு நான் இறங்கினேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா என்று வழியில் இருவர் கேட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சுயம்புலிங்கம் ஏழாவது மலைக் குகையை விட்டு எங்கும் போகப்போவதில்லை.

விடிந்தபோது சோலைக்குள்ளிருந்து சீகாரப் பூங்குருவி கூவியது. யாரோ வேலையில்லாதவன் சீட்டியடித்துப் பாடுவது போல இழுத்து இழுத்து ஒரு ராகம். மாமா நின்று கேட்டார். அதற்குள் ஒரு கூட்டம் புளூடூத் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு வைத்துக்கொண்டு ஏறி வந்தது, குருவி நிறுத்திவிட்டது.

இருட்டில் தெரியாததெல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தது. குளுக்கோஸ் உறை, ஷாம்பு சாஷே, பாட்டில் மூடி. பையைத்தான் சோதிக்க முடியும், இடுப்பு மடிப்பையும் கால்சட்டைப் பாக்கெட்டையுமா தடவிப் பார்ப்பார்கள்? நொய்யல் ஆறு பிறப்பது இந்த மலைகளில். மழையைப் பிடித்து வைத்துக் கோடை வரை கசியவிடுவது மேலே உள்ள புல்லும் சோலையும்தான். வழியில் ‘கைதட்டிச் சுனை’ என்ற ஊற்றில் நாம் குடிப்பதும் அந்த நீரைத்தான். அதன் கரையில் ஷாம்பு எதற்கு என்று இன்னும் விளங்கவில்லை.

தடி அம்மா சொன்னது சரிதான், முழங்கால் இரண்டும் இறக்கத்தில்தான் கதறின. அடிவாரத்தில் பாட்டிலைக் காட்டி 20 ரூபாயை வாங்கிக்கொண்டோம்.

மார்ச் 11, செவ்வாய்

மாமாவை மறுபடி டாக்டரிடம் அழைத்துப்போனேன். டிரெட்மில் டெஸ்ட் எழுதியிருக்கிறார். உச்சிக்குப் போன நண்பர்கள் போட்டோ அனுப்பினார்கள். காற்றில் நிற்க முடியவில்லையாம், காய்ந்த புல்லுக்குப் பக்கத்திலேயே சிலர் கற்பூரம் ஏற்றினார்களாம். மாமா அதைப் பார்த்துவிட்டுத் திட்டினார். அப்புறம், மிச்சம் மூணு மலை அடுத்த வருஷம் என்றார். ரிப்போர்ட் வரட்டும், டாக்டர் சரி என்றால் முதலில் மருதமலைப் படி ஏறிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.